டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் புகையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உழவு நேரத்தில் டிராக்டர் காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால், "டீசல் பம்ப் போயிருக்கும், கழற்றிக் கொடுத்துவிடு" என்பதுதான் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் யோசனை. பம்பில் கை வைப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது, டீசல் பீச்சும் நேரத்தைச் சரிசெய்யும் டைமிங் குறி சற்று விலகினாலும், நன்றாக இருந்த பம்பே அடுத்த தொல்லையாகிவிடும்.

ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்சரைப் பார்க்கட்டும். புகையே இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காவிட்டால் டீசல் போகிறது. அதை எரிக்கச் சூடு போதவில்லை.

புகை இல்லாத வண்டியில் முதலில், எஞ்சினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். நாப் உள்ளே போயிருந்தாலும், கேபிள் துருவேறினால் பம்பிலுள்ள லீவர் பாதியில் நின்று டீசலைத் தடுத்துவிடும். பம்பைக் கழற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு!

அடுத்த சந்தேகம், லைனில் ஏர். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பிலுள்ள (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) கைப் பம்பை அடியுங்கள். முதலில் சோப்பு நுரை மாதிரி வரும். நுரை அடங்கி டீசல் சீராக வழியும்போது, அடிப்பதை நிறுத்தாமலே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். பிறகு டீசல் பம்பின் ஏர் ஸ்க்ரூவிலும் இதே வேலை. அதற்கும் அசையாவிட்டால், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, டீசல் எட்டிப்பார்க்கும் வரை செல்ஃப் அடிக்கலாம். ஒரு தடவைக்கு 10 விநாடி போதும். நடுவே ஒரு நிமிடம் விடாவிட்டால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கெடும்.

ஏர் எடுத்ததும் கிளம்பிய வண்டி மறுநாள் காலை மறுபடி படுத்துக்கொண்டால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே எங்கோ காற்றை இழுக்கிறது. இந்தக் கசிவு டீசலாக வெளியே சொட்ட வேண்டுமென்பதில்லை. அதனால் கண்ணில் படாது. அந்த இடத்தில் ஓர் அடி நீளத்துக்கு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும். சமீபத்தில் ஃபில்டர் மாற்றிய வண்டியா? பழைய ரப்பர் வாஷர் மேலேயே ஒட்டியிருக்க, அதன்மீது புதியதையும் வைத்து இறுக்கியிருப்பார்கள்; அந்த இடுக்கில் காற்று புகும்.

வெள்ளைப் புகை விடும் வண்டியில் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது. அழுத்தப்படும் காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் அதில் தெம்பில்லை. வோல்ட் நன்றாக இருந்தும் இழுவை குறைந்தால், எர்த் கேபிள் சேஸிஸில் சேரும் இடத்தைக் கழற்றி உப்புத்தாள் போட்டு இறுக்குங்கள். நாசில், டேப்பட் (வால்வு இடைவெளி), பிஸ்டன் ரிங் இவற்றைச் சந்தேகிப்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஈதர் ஸ்ப்ரே அடித்துக் கிளப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம். பிஸ்டன் மேலே வருமுன்பே வெடித்து ரிங்கை உடைக்கும். காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள எஞ்சினில், காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டிலேயே தீப்பிடிக்கும்.

இவையெல்லாம் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு. எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் புது வகையான காமன் ரெயில் எஞ்சினில் நாசில் பைப்பைத் தளர்த்தவே கூடாது. அங்குள்ள அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
மன்னார்குடி.