பர்மாங்கனேட் பாட்டில் பற்றிக் கொஞ்சம்

அன்புள்ள கயல்,

விரலெல்லாம் பழுப்பாகிவிட்டது, சோப்புக்கும் போகமாட்டேன் என்கிறது என்று போனில் சொன்னாய். அது பொட்டாசியம் பர்மாங்கனேட் தோலில் பட்டு உண்டாகிற மாங்கனீஸ் டை ஆக்சைடு. வைட்டமின் சி மாத்திரை ஒன்றைத் தண்ணீரில் கரைத்துத் தேய், போய்விடும். லேப் கோட்டுக்கும் அதுவே போதும்.

கறை கிடக்கட்டும். "பர்மாங்கனேட்தானேம்மா, பிளஸ் டூவிலேயே பார்த்தாச்சே" என்றாய் பார், அதுதான் எனக்கு உறுத்துகிறது. அன்றைக்கு நீ பார்த்தது யாரோ கரைத்து, சொட்டுச் சொட்டாக விடுகிற பியூரெட் குழாயில் ஊற்றிக் கொடுத்த நீர்த்த கரைசல். சூடான ஆக்ஸாலிக் அமிலத்தில் முதல் சொட்டு நிறம் போகாமல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மாங்கனீஸ் அயனி உண்டாக உண்டாக அதுவே வினையைத் துரிதப்படுத்த, அப்புறம் விழுகிற சொட்டெல்லாம் சட்டென்று மறையும். கடைசியில் ஒரு சொட்டு வெளிர் ரோஜா நிறமாக நின்றுவிடும். எத்தனை வருஷம் பாடம் எடுத்தும் எனக்கு அது அலுத்ததில்லை.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் சேர்ப்பதில்லை என்று வைவாவில் கேட்போமே, பர்மாங்கனேட்டின் குணம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது: குளோரைடிடமிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கிக் குளோரினாக்கிவிடும். இப்போது உன் கையில் இருப்பதோ பாட்டில் நிறையப் படிகம்.

அதன்மேல் அடர் கந்தக அமிலம் படவே கூடாது. மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு என்று பச்சை எண்ணெய் மாதிரி ஒன்று உண்டாகும், அது வெடிக்கும். கண்ணாடிச் சாமான் கழுவ இந்த இரண்டையும் கலக்கலாம் என்று எந்த சீனியர் சொன்னாலும் கேட்காதே. கிளிசரின் இன்னும் மோசம். பட்டதும் ஒன்றும் நடக்காது, சரி, ஆபத்தில்லை என்று குனிந்து பார்க்கத் தோன்றும். சில நொடி கழித்துப் புகைந்து குப்பென்று பற்றிக்கொள்ளும். படிகம் சிந்தினால் டிஷ்யூவிலோ மரத்தூளிலோ துடைக்காதே. அதன் மிச்சத்தை அசிட்டோன் கழிவு கேனில் ஊற்றாதே. அது இருக்கும் இடத்தில் தீப்பிடித்தால் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் உதவாது, ஆக்சிஜனை அதுவே கொடுக்கிறதே. நிறையத் தண்ணீர்தான் வழி.

இவ்வளவு பயமுறுத்துகிறேனே என்று நினைக்காதே. 1890-களில் ஆக்ராவில் இருந்த ஹாங்கின் என்ற பாக்டீரியா ஆய்வாளர், காலராவைத் தடுக்க இதைத்தான் கிணறுகளில் போடச் சொன்னார். உன் தாத்தாவின் கால் புண்ணுக்கு டாக்டர் சொன்னதும் இதுவே, பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தால் மருந்து. கெட்டியாகிவிட்டால் தோலையே பொசுக்கும். பழம் சீக்கிரம் கனியாமலிருக்கப் பெட்டிக்குள் வைக்கிற சின்னப் பொட்டலங்களிலும், பழத்தைக் கனியவைக்கிற எத்திலீன் வாயுவைத் தின்பது இதுதான். பாம்புக்கடியைக் கீறி இதைத் தேய்த்த காலமும் உண்டு. விஷம் இறங்கவில்லை, சதைதான் வெந்தது.

உங்கள் லேப் அலமாரியில் அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று நாளைக்கே பார். ஆல்கஹால், கிளிசரின் ஏதாவது இருந்தால் கைடிடம் சொல்லி வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயா என்று அப்பா கேட்கிறார், அதையும் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா