பாப்பாவுக்கு, உப்புத் தண்ணீர் கலக்கும் முன்

அன்புள்ள பாப்பா,

நூறு லிட்டர் தொட்டி வந்துவிட்டது, கடல்மீனான கிளவுன் மீன் ஜோடிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாய். மீன் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கடையிலேயே இருக்கட்டும். அதன் கழிவை முறிக்கும் பாக்டீரியா தொட்டியில் பெருக அவ்வளவு நாளாகும். அதற்குள் நீ தண்ணீர் கலக்கப் பழகிவிடலாம்.

தூத்துக்குடி கல்லுப்பு ஒரு மூட்டை அனுப்பட்டுமா என்று அம்மா கேட்கிறாள். அது ஆகாது. உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம், அதன் பிறகுதான் சாப்பாட்டு உப்பு விளையும். மக்னீசியமும் பொட்டாசியமும் மீந்து நிற்கும் கசப்புத் தண்ணீரோடு வடிந்துவிடும். கல்லுப்பைத் திரும்பக் கரைத்தால் உப்புக் கரிக்கும், ஆனால் கடலாகாது. கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராம் சொச்சம், மக்னீசியம் 1300 அளவு இருக்கும். மீன்தொட்டிக்கென்றே விற்கும் மரைன் சால்ட்டில் இதெல்லாம் சேர்த்திருப்பார்கள். அதையே வாங்கு.

பெங்களூரில் உங்கள் பிளாட்டுக்கு வரும் டேங்கர் தண்ணீரை நேராக ஊற்றாதே. குளோரின், நைட்ரேட், சிலிகேட் எது வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். சிலிகேட் இருந்தால் மணலெல்லாம் பழுப்புப் பாசி ஏறும். துளி செம்பு கலந்திருந்தாலும் இறால் செத்துப்போகும். வீட்டு ஆர்.ஓ. மெஷின்களில் பல, சுத்தம் செய்த பிறகு ருசிக்காகத் தாதுவைத் திரும்பச் சேர்க்கும். அதற்கு முந்தைய குழாயில் பிடித்து, மிச்சமிருக்கும் தாதுவையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குடுவை ஒன்றின் வழியாக விட்டு எடு. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும்.

இருபது லிட்டர் கொள்ளும் அளவுக்குப் புது பக்கெட் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கு. சோப்பு பட்டது வேண்டாம். தண்ணீரை ஊற்றி, சின்ன மோட்டாரை உள்ளே ஓடவிட்டு, ஹீட்டரால் 25 டிகிரிக்குக் கொண்டு வா. உப்பு 720 கிராம், லிட்டருக்கு 36 கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், பையில் போட்டிருப்பதையும் பார்த்துக்கொள். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறு. பையைத் திறக்குமுன் தரையில் நாலைந்து தரம் உருட்டு. வண்டியில் குலுங்கி வரும்போது பொடி அடியிலும் பருக்கை மேலேயும் பிரிந்திருக்கும்.

ஓடுகிற தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், கைப்பிடி கைப்பிடியாகத் தூவி. முதலில் உப்பைக் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றுவதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. அடியில் உப்பு கெட்டியாகக் கரையும்போது கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றையொன்று பிடித்துச் சுண்ணாம்பாக இறங்கிவிடும். பால் மாதிரி வெளுத்து, மறுநாள் அடியில் வெள்ளை மண்டி நிற்கும். அது திரும்பக் கரையாது. கே.ஹெச்., அதாவது தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டின் அளவைப் பார்த்தால் குறைந்திருக்கும். அந்தப் பக்கெட்டைக் கொட்டிவிடு. சரியாகக் கலந்தால் முதலில் கலங்கி, சில மணி நேரத்தில் பக்கெட்டின் அடி தெளிவாகத் தெரியும். ஹீட்டர் அதிகம் சுட்டாலும் இதே சுண்ணாம்பு படியும், கவனம்.

உப்பின் அளவை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கு; ஒரு சொட்டில் ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி அது. கடையில் இதற்கென்றே விற்கும் முள் ஆடும் பிளாஸ்டிக் டப்பாவில் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே உப்பை அதிகமாகக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டரையும் அப்படியே நம்பாதே. வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டும் கருவி, நமக்கு வேண்டிய கடலின் அளவான 35-இல் (கிலோ தண்ணீருக்கு 35 கிராம் உப்பு) தப்பு காட்டலாம். சமையல் தூள் உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, ஆவியாகாதபடி மூடி வை. இதில் ஒரு சொட்டு விட்டால் கடல்நீர் அளவுகோலில் 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மேலே இருக்கும் திருகைத் திருப்பிச் சரிசெய். இந்தச் சமையல் உப்புக் கரைசல் கருவிக்கு மட்டும்தான்.

சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து இறக்கு. குமிழி இல்லாமல் கண்ணாடி முழுக்கப் பரவியதும் அரை நிமிடம் பொறுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35-இல், அடர்த்திப் பக்கம் 1.026-இல் நிற்க வேண்டும். 37 காட்டினால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆர்.ஓ. தண்ணீர் சேர். 33 என்றால் இன்னும் 40 கிராம் உப்பைத் தூவி, கரைந்த பிறகு திரும்ப அள. ஈரம் ஏறிய உப்பு எடைக்குக் குறைவாகவே காட்டும், பையை இறுக்கிக் கட்டி வை.

மோட்டாரை ராத்திரி முழுக்க ஓடவிடு, மறுநாள் எடுக்கலாம். முதல் முறை தொட்டி காலியாக இருப்பதால் அதிலேயே கலக்கலாம். மீன் வந்த பிறகு உப்புப் பொடி ஒரு சிட்டிகைகூட நேரே தொட்டியில் விழக் கூடாது. மாற்றும் தண்ணீரின் சூடும் உப்பும் தொட்டியோடு ஒத்திருக்கிறதா என்று அளந்துவிட்டே ஊற்று.

கல்லும் மணலும் இடம் பிடித்தால் தொட்டியில் எண்பது லிட்டர்தான் கொள்ளும். அதில் இரண்டு லிட்டர் ஆவியானால் 35 கிட்டத்தட்ட 36 ஆகிவிடும், ஏனென்றால் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கிறது. அதனால் குறைந்ததை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பு, உப்புத் தண்ணீரால் அல்ல. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் தினமும் பார்த்து ஊற்றலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கெட், அடுத்த ஞாயிறு ஒன்று கலந்து பார். டி.டி.எஸ்., சூடு, உப்பு, கே.ஹெச். நாலையும் தேதி போட்டு எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா