ஷாஹின் கிராயை ஒரே வரியில் முடிக்காதீர்கள்

உலக வரலாற்றைத் தமிழில் எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும்,

வணக்கம். கருங்கடலின் வடகரையிலுள்ள கிரீமியத் தீபகற்பத்தைக் கான் என்ற பட்டத்தோடு ஆண்ட தாத்தார் மன்னர்களின் அரசு மறைந்த கதையை "1783இல் துருக்கியிடமிருந்து ரஷ்யா கிரீமியாவைப் பிடித்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வரி சிறியது, பிழை பெரியது. ரஷ்ய-துருக்கிப் போரை முடித்த 1774ஆம் ஆண்டின் குசுக் கைனார்ஜா ஒப்பந்தத்திலேயே கிரீமியா துருக்கி சுல்தானின் பிடியிலிருந்து போய்விட்டது. அவருக்கு மிஞ்சியது கலீஃபா என்ற மத உரிமை மட்டும். கெர்ச், யெனிகலே, கின்புர்ன் கோட்டைகளை அதே ஒப்பந்தம் ரஷ்யாவுக்குக் கொடுத்தது. வாசல் சாவி பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கையில் கிடைத்த சுதந்திரம் அது.

ரஷ்ய ஆதரவோடு 1777இல் ஷாஹின் கிராய் கானானார். இங்கே எல்லாரும் அவரை ஒன்று பொம்மை என்பார்கள், இல்லையேல் சீர்திருத்தவாதி என்பார்கள். வரவு செலவைப் பாருங்கள். ஐரோப்பியப் பாணியில் நிலையான படை வேண்டும் என்றார். அதற்குப் பணம் தேடி வக்ஃபு நிலங்களில் கைவைத்தார், உலமாக்கள் பகைத்தார்கள். கானைத் தேர்ந்தெடுப்பதில் ஷிரின் போன்ற குலத் தலைவர்களுக்கு இருந்த பழைய பங்கு சுருங்கியது, அவர்களும் விலகினார்கள். அந்த ஆண்டே கலகம் வெடித்தது, அடக்கியது ரஷ்யப் படை.

அடுத்த அடிதான் புத்தகங்களில் விடுபடுகிறது. 1778இல் கிரீமியாவின் கிறித்தவர்களை ரஷ்யா வெளியே குடியேற்றியது. பொறுப்பில் இருந்தவர் தளபதி சுவோரவ். மொத்தம் 31,386 பேர். அவர்களில் கிரேக்கர் 18,407, ஆர்மேனியர் 12,598. அசோவ் கடற்கரையில் மரியுபோலும் தோன் ஆற்றங்கரையில் புதிய நகிச்செவானும் இப்படித்தான் எழுந்தன. போனவர்கள் வணிகர்கள், கைவினைஞர்கள், தோட்டக்காரர்கள். கானுக்கு வரி கட்டியவர்கள். படைக்காகப் பணம் தேடியவரின் பெட்டியே காலியானது. 1782இல் சகோதரர் பகாதிர் கிராய் கானாக்கப்பட, ஷாஹின் கெர்ச்சுக்கு ஓடினார். ரஷ்யப் படை மீண்டும் கொண்டுவந்து அமர்த்தியது. ஆகவே ஆட்சிக்காலத்தை "1777–1782, 1782–1783" என்று பிரித்துப் போடுங்கள்.

தேதிகளில் ஒரு கண்ணி உண்டு. 1783இல் கிரீமியாவை ரஷ்யாவோடு இணைத்த அறிக்கையில் பேரரசி கேத்தரின் கையெழுத்திட்டது ரஷ்யப் பழைய நாட்காட்டிப்படி ஏப்ரல் 8, இன்றைய கணக்கில் ஏப்ரல் 19. 18ஆம் நூற்றாண்டுக்கு 11 நாள் கூட்ட வேண்டும். 13 என்பது 20ஆம் நூற்றாண்டுக் கணக்கு. பழக்கதோஷத்தில் அதைக் கூட்டிவிடுகிறார்கள். கைனார்ஜாவும் அப்படியே: ஜூலை 10, புதிய கணக்கில் ஜூலை 21.

நாணயப் படம் போடுவதானால் இன்னும் கவனம். ஷாஹினின் நாணயங்களில் இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி 1191 (கி.பி. 1777) என்றே இருக்கும். அது அவர் பட்டத்துக்கு வந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு அல்ல. ஆட்சியாண்டு எண் தனியாக வேறிடத்தில் இருக்கும். அந்த எண் 5 என்றால், 1191உடன் 5 கூட்டி ஒன்றைக் கழியுங்கள்: ஹிஜ்ரி 1195, ஏறக்குறைய முழுக்க 1781. அரபு எழுத்தில் ஐந்து ஒரு சிறு வட்டம், பூஜ்யமோ வெறும் புள்ளி. வட்டத்தைப் பூஜ்யம் என்று வாசித்துவிட்டால் கணக்கே குலைந்துவிடும். "1777ஆம் ஆண்டு நாணயம்" என்று படத்தின் கீழே எழுதுமுன் அந்த வட்டத்தைத் தேடுங்கள்.

கடைசியாக ஒரு சொல். 1787இல் ஷாஹின் துருக்கி மண்ணுக்குப் போனார், ரோட்ஸ் தீவில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு மூண்ட போரின்போது சுல்தான் கிராய் வம்சத்தார் வேறு சிலருக்குக் கான் பட்டம் கொடுத்தார். கிரீமியா அவர்கள் கையில் இல்லை. எனவே தலைப்பில் "கடைசி கான்" என்று மட்டும் போடாமல் "கிரீமியாவில் ஆண்ட கடைசி கான்" என்று போடுங்கள்.

இப்படிக்கு,
கிரீமிய வரலாறு வாசிக்கும் சிலர்