எட்டு வினாடி ரிவெர்ப்: ஆம்பியன்ட் இசைக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

கவிஞர்களோடு சேர்ந்து ஆம்பியன்ட் (பின்னணியில் மெல்லப் பரவும் சூழல் இசை) தொகுப்பு செய்பவர்களுக்கு,

வணக்கம். கவிதை எழுதும் ஒருத்தியின் மனத்தாங்கல் இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இசைக் கலைஞர் என் கவிதையைக் கேட்டு வாங்கினார். பதினோரு வரி. நானே வாசித்து, பதிவுசெய்து அனுப்பினேன். இசையோடு திரும்பி வந்தபோது கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் நான்காம் வரிக்குமேல் ஒன்றும் விளங்கவில்லை. "அது 'வற்றிய'வா, 'பற்றிய'வா?" என்று தோழி கேட்டாள். குரலுக்கு எட்டு வினாடி ரிவெர்ப், அதாவது பெரிய மண்டபத்தில் பேசுவதுபோல் ஒலி நீண்டு அடங்கும் விளைவு, வைத்திருக்கிறார்! ஒரு வரி அடங்குமுன் அடுத்த இரண்டு வரிகள் அதன்மேல் விழுகின்றன. உயிரொலி நீள்கிறது, வல்லினம் கரைந்துபோகிறது. கேட்டதற்கு, "அர்த்தம் முக்கியமில்லை, உணர்வுதான்" என்றார். அதற்கு ஹம்மிங் போதுமே, என்னிடம் ஏன் வந்தார்?

கவனித்துக் கேட்கலாம், கவனிக்காமலும் விடலாம்; 1978இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' தொகுப்புக்கு எழுதிய குறிப்பில் பிரிட்டிஷ் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ ஆம்பியன்டை ஏறக்குறைய இப்படித்தான் விளக்கினார். கவிதைக்கு அந்த இரண்டாவது வசதி கிடையாது. அதே ஈனோ, கவிஞர் ரிக் ஹாலந்துடன் 2011இல் 'டிரம்ஸ் பிட்வீன் த பெல்ஸ்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். தன் பெயரோடு 'ரிக் ஹாலந்தின் சொற்களும்' என்று உறையிலேயே போட்டார். அதில் கவிதைகளை வாசித்தவர்களில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் உண்டு. மேடைக்குரலின் மெருகு இல்லாததால் ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்கிறது. ஈனோவும் குரலைச் சும்மா விடவில்லை, நறுக்குகிறார், திருகுகிறார். சில இடங்களில் எனக்கு அது ஒட்டவில்லை. ஆனால் பதினைந்தாவது தடத்தின் பெயர் 'சைலன்ஸ்', மௌனம். ஏறத்தாழ ஒரு நிமிடம், எதுவுமே இல்லை. அதன் பிறகுதான் கடைசிக் கவிதை.

என் கோரிக்கை பெரிதல்ல. குரலையும் இசையையும் கலக்கும் மிக்ஸிங்கின்போது கவிஞரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். மெய்யொலிகள் தெளிவாகும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை, குரல் வரும் நேரத்திலாவது டிரோனை (விடாமல் நீளும் ஒற்றை ஒலியை) தணியுங்கள். வரி முறியும் இடத்தில் நாங்கள் விடும் இடைவெளி, நீங்கள் பேட் (நீண்டு மிதக்கும் சிந்தசைசர் ஒலி) போட்டு நிரப்புவதற்கான காலியிடம் அல்ல. முடித்ததும், கவிதையை முன்பின் படித்திராத ஒருவரிடம் கொடுத்து, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பதினோரு வரிகளின் மூலப்பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழாவது வரியில் நாற்காலி கிறீச்சிடும். அந்தச் சத்தத்தை வேண்டுமானால் ரிவெர்பில் முக்கிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.