ரிதம் அல்ல, ரிதிம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த எலக்ட்ரானிக் இசைக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். டெக்னோ என்ற எலக்ட்ரானிக் நடன இசையைப் பற்றித் தமிழில் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் மாடல் 500, சைபோட்ரான், இன்னர் சிட்டி, ரீஸ் என்று எல்லாமே தனித்தனிக் குழுக்கள் போல அதில் வரிசையாக வந்திருந்தன. உண்மையில் ஒரே ஆள் பல பெயர்களில் இசை செய்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனசு வரவில்லை.

மாடல் 500 குழு இல்லை, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து இசைக்காரர் ஜுவான் அட்கின்ஸ் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். சைபோட்ரானில் அவரும், வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பிய ரிக் டேவிஸும் இருந்தார்கள். டேவிஸ் 3070 என்ற எண்ணையே பெயராக வைத்துக்கொண்டவர். 1981-ல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. அப்புறம் 1985-ல் அட்கின்ஸ் மெட்ரோபிளெக்ஸ் என்று சொந்த இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி, 'நோ யுஎஃப்ஓஸ்' வெளியிட்டபோது தட்டில் மாடல் 500 என்று அச்சடித்தார். ஏன் அந்தப் பெயர்? கேட்பவருக்கு ஆள் என்ன இனம் என்று பெயரிலிருந்து தெரியக்கூடாது என்பதற்காக, அவரே சொன்ன காரணம் இது. அமெரிக்காவில் ஒரு கறுப்பின இளைஞர் பாட்டு போட்டால் அதைக் கடையில் எந்த அடுக்கில் வைப்பது என்பது கேட்கும் முன்பே முடிவாகிவிடும், அந்தச் சூழலில் ஒரு மெஷினின் மாடல் எண் போல ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றால் அதில் எவ்வளவு யோசனை இருந்திருக்க வேண்டும். 'மாடல் 500 என்றால் அட்கின்ஸ்' என்று மட்டும் குறித்து வைத்தால் இந்தக் காரணம் காணாமல் போய்விடும்.

இன்னொரு டெட்ராய்ட் டெக்னோ இசைக்காரரான கெவின் சாண்டர்சன் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். 1988-ல் இன்னர் சிட்டி என்ற பெயரில், பாரிஸ் கிரே பாடிய 'பிக் ஃபன்' பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் போனது. அதே ஆண்டு அதே மனிதர் ரீஸ் என்ற பெயரில் இருட்டான ஒரு பேஸ் (கீழ்ஸ்தாயி) ஒலியை வைத்து 'ஜஸ்ட் வான்ட் அனதர் சான்ஸ்' செய்தார். பிற்பாடு டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான எலக்ட்ரானிக் இசை வகையின் இசைக்காரர்கள் எத்தனையோ பேர் எடுத்தாண்டது அந்த ஒலியைத்தான், இன்றைக்கும் அதற்குப் பெயர் ரீஸ் பேஸ். இரண்டு பெயரையும் சேர்த்து எழுதாவிட்டால், இவை ஒரே கைவேலை என்று புதிதாகக் கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

அதே டெட்ராய்ட் டெக்னோக்காரரான டெரிக் மேயின் புனைபெயரை 'ரிதம் இஸ் ரிதம்' என்று போட்டிருக்கிறீர்கள். தட்டில் அச்சான எழுத்துகளைப் பாருங்கள், அந்த ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்துக்கு முன்னால் இருக்கக் கூடாத ஒரு 'ஐ' இருக்கும். 1987-ல் வந்த 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' தட்டிலும் அப்படித்தான். தமிழில் ரிதிம் என்று எழுதினால்தான் அந்த வித்தியாசம் நிற்கும். பிழை என்று நினைத்து யாரோ திருத்திவிட்டார்கள் போல.

என்னை அதிகம் உறுத்துவது டிரெக்சியா என்ற டெட்ராய்ட் எலக்ட்ரானிக் இசைக்குழு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதையே இருக்கிறது: அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிப் பெண்களின் பிள்ளைகள் தண்ணீருக்கடியில் மூச்சுவிடக் கற்று, அங்கேயே ஒரு நாட்டை உண்டாக்கினார்கள் என்ற கதை. 1997-ல் வந்த 'தி குவெஸ்ட்' தொகுப்போடு அச்சிட்ட குறிப்பில் அது இருக்கிறது. உங்கள் கட்டுரையில் 'விசித்திரமான பெயர்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஸ்டின்சன் 2002-ல் இறந்துபோனார். அதுவரை அவர் யார் என்றே தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்த ரசிகர்கள் ஏராளம். தி அதர் பீப்பிள் பிளேஸ் என்ற பெயரில் 2001-ல் வந்த ஆல்பமும் அவருடையதுதான்.

அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற டெட்ராய்ட் குழுக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு நின்றவர்கள், ஆளைப் பார்க்காதே, இசையைக் கேள் என்பதுதான் அவர்கள் கட்சி. அதை மதிக்க வேண்டும், சரி. மறைந்து நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று எழுதி வைப்பதும் வரலாறுதானே.

என்னிடம் அந்தக் காலத்து டெட்ராய்ட் தட்டு ஒன்று இருக்கிறது. உறையில் விவரம் எதுவும் கிடையாது. ஆனால் கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் இருக்கும் வெறும் வட்டத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஊசியால் கீறினது போல 'என்எஸ்சி' என்று மூன்று எழுத்து தெரியும். நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன் என்ற இடத்தில் தட்டுகளுக்கு மூலம் வெட்டிக் கொடுத்த ரான் மர்ஃபியின் அடையாளம் அது. அவரும் 2008-ல் போய்விட்டார். இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் 2000-லிருந்து ரசிகர்கள் இந்த மாதிரிக் கீறல்களைக்கூட ஒவ்வொன்றாகப் பதிந்து, யாருக்கு என்னென்ன மாற்றுப் பெயர் என்று கோத்து வைக்கிறார்கள். பெரிய வேலை. ஆனால் பெயர் ஏன் வந்தது என்பதை வைத்தவரிடமே கேட்டால்தான் உண்டு. அட்கின்ஸ், மே, சாண்டர்சன் மூவருமே அறுபதைத் தாண்டிவிட்டார்கள்.

கட்டுரை தொடரும் என்று போட்டிருந்தீர்கள். அடுத்த பகுதியில் ஒவ்வொரு புனைபெயருக்குப் பக்கத்திலும் ஆள் யார், எந்த வருஷம், காரணம் தெரிந்தால் அதையும் போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அந்த 'ரிதிம்' திருத்தத்தைப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்