நடவுக் காலத்தில் பிள்ளைகளிடம் யார் பேசுவது?

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சம்பா நடவு தொடங்கிவிட்டால் திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் நாற்றுப் பறிக்கப் போகும் தாய்மார்கள் இருட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். அப்பா திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அப்பாயி தலைவாரி அனுப்பும் பிள்ளையிடம், பள்ளிக்கூட வாசல் வரும்வரை யாரும் நின்று நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அன்றைக்குக் கழித்தல் கணக்கு ஏறவில்லை என்றால் 'மக்கு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். தன்னைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற தெம்பு இல்லாத பிள்ளை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லவே பயப்படும். சந்தேகம் கேட்காத பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?

பசிக்கு வழி பிறந்துவிட்டது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளையில்தான் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. அந்தச் சாப்பாட்டு நேரத்தைப் பள்ளி ஆசிரியர்களாகிய நாம் பிள்ளைகளோடு பேசவும் பயன்படுத்தலாம்.

முதலில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் படிப்போடு சம்பந்தமில்லாத மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யாரோடு படுத்துத் தூங்குகிறது, எதற்குப் பயப்படும், வீட்டு ஆட்டுக்குட்டிக்கு என்ன பெயர் என்பது போல. நன்றாகப் படிப்பவர்களுக்கும் சேட்டைக்காரர்களுக்கும் கை தானாக எழுதும். எதுவும் எழுத வராத பெயர்கள்தான் முக்கியம். அவர்களில் மூன்று பேரை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு 2 நிமிடம், விடாமல் 10 பள்ளி நாள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று தொடங்கினாலே போதும்.

இது கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதல் சில நாள் பிள்ளை 'ம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். பயனில்லை என்று ஆசிரியர் நாலாம் நாளே விட்டுவிடுவார். அல்லது பேச்சு 'வீட்டுப்பாடம் ஏன் எழுதலே?' என்று விசாரணையாக மாறிவிடும். இரண்டாவதுதான் மோசம். அப்புறம் அந்தப் பிள்ளை உங்களைக் கண்டாலே தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடும்.

கோபித்துக்கொள்ளாத ஆசிரியர் இல்லை. ஆனால் கடைசி மணி அடிப்பதற்குள் அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பேசி அனுப்ப வேண்டும். 'கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்' என்று பெற்றோரே சொன்னாலும், கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது.

இன்னொன்று: 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். 'உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்' என்பதே நேர்மையான பதில். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போது, பிள்ளைகளுக்குப் பிடித்தது, பயப்படுவது ஆகியவற்றை மட்டும் எழுதிய ஒரு நோட்டு அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். குடும்ப ரகசியங்கள் அதில் வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம் போட்டால் நடவுக்குப் போன தாய் அரைநாள் கூலியை இழந்துதான் வர வேண்டும். நடவும் அறுவடையும் நடக்கும் மாதங்களிலாவது கூட்டத்தை மாலை 6 மணிக்கு மேல், அவர்கள் தெருவிலேயே நடத்தக் கல்வித்துறை அனுமதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
திருவாரூர் மாவட்டம்.