அம்மாவின் அன்னாசி டார்ட்

கிள்ளான்

அன்புள்ள சாரதா,

இங்கே எல்லோரும் நலம். உன் மகன் அனுப்பிய படங்களும் வந்தன. சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இந்த வருஷம் டார்ட்டைக் கடையில் வாங்கிக்கொள்" என்று அம்மா சொல்லிவிட்டார். தீபாவளிக்கு, மாவில் ஜாம் உருண்டை வைத்துச் சுட்ட அன்னாசி டார்ட்டை நம் தெரு முழுக்கக் கொடுத்த கை! விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது, உருட்ட முடியவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், நான் செய்கிறேன் என்றேன்.

பசாரில் பழக்காரர் ஜொசப்பின் அன்னாசியைத்தான் எடுத்து நீட்டினார். 1996இல் நம் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி வெளியிட்ட வகை. வெட்டித் தின்ன அருமையான பழம். ஆனால் அம்மா புளிப்புள்ள மோரிஸ் வகையைத்தான் கேட்டார். புளிப்பில்லாத பழத்தில் சர்க்கரையும் சேர்ந்தால் திகட்டத்தானே செய்யும்?

துருவிச் சாற்றை வடித்து, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ போட்டு அடிகனமான சட்டியில் ஏற்றினேன். தண்ணீர் நன்றாக வற்றிய பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே கொட்டினால் அடிபிடித்துக் கறுத்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கிண்ட வேண்டியிருந்தது. அம்மாவுக்கு இப்போது பார்வையும் மங்கல். கூடத்தில் இருந்தபடியே வாசனை பிடித்து, "இன்னும் ஈரம் இருக்கு, இறக்காதே" என்கிறார். ஈரம் தங்கினால் மாவு நமுத்துவிடும், டப்பாவில் பூஞ்சையும் பிடிக்கும். உருட்டினால் கையில் ஒட்டக்கூடாது, அதுதான் பதம்.

கோமதி இப்போதும் பாக்கெட் ஜாம்தான் வாங்குகிறாள். எனக்குப் பொறுக்கவே இல்லை. பல்லில் படுகிற அந்த நார் இல்லாமல் அது என்ன டார்ட்? நீயாவது அவளிடம் சொல்.

மாவு சுலபம். வெண்ணெய், மைதா, மஞ்சள் கரு, கொஞ்சம் சோள மாவு, பால் மாவு. சப்பாத்திக்குப் போல அழுத்திப் பிசையக்கூடாது, ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். மேலே மஞ்சள் கரு தடவி 170 டிகிரியில் வைத்து, பொன்னிறம் வந்ததும் எடுக்கலாம்.

அப்புறம், எனக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கிறது, சாரதா. அம்மா எந்த அளவையும் எழுதி வைத்ததில்லை. "கண் அளவுதான்" என்கிறார், அந்தக் கண்ணும் மங்கிவிட்டது. அவர் கிண்ணத்தில் போடுவதையெல்லாம் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மாவுக்கு எழுதியாகிவிட்டது. ஜாமுக்குத்தான் முடியவில்லை, பழத்துக்குப் பழம் சர்க்கரையை மாற்றுகிறார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடு. உன் உருண்டைகள்தான் ஒரே அளவில் இருக்குமாம், அம்மா தினமும் உன்னைக் கேட்கிறார். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், பழம் வாங்க வேண்டும்.

அன்புடன்,
மாலா